கார்சன் சிட்டி வெள்ளி, உத்தமபாளையம் மஹர்

என் பை குமுளிக்குப் போய்விட்டது. நான் தேனிப் பேருந்து நிலையத்தில் ஒரு கையில் பருத்திப்பால் டம்ளரும் மறு கையில் கடித்த வடையுமாக நிற்கிறேன். "பத்து நிமிசம் நிக்கும்" என்று நடத்துனர் சொன்னதை நம்பி இறங்கியது என் குற்றம். எங்கள் பினாங்கில் பத்து நிமிடம் என்றால் இருபது. இங்கே பத்து நிமிடம் என்றால் நாலு போலிருக்கிறது.

உடுப்பு போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பைக்குள் என் டிஜிட்டல் தராசு, காந்தம், தடிமன் பார்க்கும் கருவி எல்லாம் இருந்தன. அவற்றை நம்பித்தான் ஒரு கல்யாண வீடே எனக்காகக் காத்திருந்தது. பூதக்கண்ணாடி மட்டும் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கியதால் தப்பியது.

நேரம் குறிக்கும் அறையில் இருந்தவரிடம் ஓடிப்போய் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் பதறவே இல்லை. நடத்துனருக்குப் போன் போட்டார், பேசினார், வைத்தார்.

"பை பத்திரமா இருக்கும்மா. குமுளி போயிட்டு நாளைக்குத் திரும்புகாலுல கம்பத்துல குடுத்துருவாக. நீங்க வடையைத் தின்னு முடிங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வடையைத் தின்று முடித்தேன். நன்றாகவே இருந்தது.

என் தொழில் பல் செய்வது. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், என் சிறிய கூடத்தில் பல் செட்டு தயாராகும். பைத்தியம் வேறு: பழைய வெள்ளிக் காசுகள். மதியச் சாப்பாட்டுக்கு நான் போகும் கடையில், சோற்றின் மேல் நாலு குழம்பைக் கலந்து ஊற்றித் தரும் சாகுலுக்கு இந்தப் பைத்தியம் தெரியும். கம்பத்துக்காரன். தம்பி ரியாஸின் நிக்காஹுக்காக ஊருக்கு வந்தவன், போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினான். கரியாய்க் கறுத்துப்போன ஒரு பெரிய வெள்ளிக் காசு. கூடவே ஒரு குரல் செய்தி.

"அக்கா, இதுதான் எங்க வீட்டு மஹர் காசு. கடைசி மகனுக்குப் பொண்ணு வர்றப்ப இதைத்தான் குடுப்போம். எங்கம்மாவுக்கும் இதுதான். இப்பத் தேனியில ஒரு நகைக்கடைக்காரரு பாத்துட்டு எடை கொறையுது, டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டாரு. அந்தப் பேச்சு பொண்ணு வீட்டுக்குப் போயிருச்சு. அம்மா சோறே திங்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்து பாத்துச் சொல்லுங்கக்கா."

மஹர் என்பது மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் உரிமைப் பொருள். என்ன கொடுக்கிறார்கள் என்று சபையில் சொல்லி, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே போலிக் காசைச் சொன்னார்கள் என்று பேச்சு வந்தால் அந்தக் குடும்பம் பள்ளிவாசல் தெருவில் நடமாட முடியாது. நான் அதற்காகத்தான் வந்தேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். உண்மை அதுவல்ல. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது காசிலிருந்த கழுகின் காலடியில் ஏதோ எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அது நான் நினைக்கும் எழுத்தாக இருந்தால்? அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஆனைமலையன்பட்டிக்காரர் ஒருவர். மடியில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. வீரபாண்டி தாண்டுவதற்குள் ஒரு கொத்தை என் கையில் திணித்துவிட்டார். எங்கள் ஊரில் விற்கும் திராட்சை கப்பலில் வந்து இறங்கும், பளபளப்பாக இருக்கும், ருசி தண்ணீர்தான். இது தோல் தடித்து, கொட்டையோடு, வாசனையோடு வாயை நிறைத்தது.

"எதுக்கு இம்புட்டு தூரம் வந்தீக?"

"ஒரு காசு பார்க்க வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "காசு பாக்கணும்னு இங்கனருந்து எல்லாரும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போறாக. நீங்க என்னடான்னா அங்கனருந்து இங்கன வர்றீக!"

சின்னமனூர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். இரண்டு பக்கமும் மலை, நடுவில் பச்சை வயல், தென்னை. நான் ஜன்னலை விட்டுத் தலையைத் திருப்பவே இல்லை. கம்பத்தில் இறங்கியதும் சாகுல் முதலில் பார்த்தது என் வெறுங்கையைத்தான்.

"தராசு எங்கக்கா?"

"குமுளிக்குச் சுற்றுலா போயிருக்கிறது" என்றேன்.

மறுநாள் வியாழன் காலை. இட்லி, கறிக்குழம்பு. காலையிலேயே கறியா என்று கேட்கத் தயங்கினேன், பிறகு மூன்றாவது முறை வாங்கினேன். சாகுலின் அம்மா ஜொஹரா அறுபது வயதுக்காரர். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து பரிமாறினார். பிறகு உள்ளே போய் ஒரு சின்னப் பட்டுப் பையைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் கவிழ்த்தார்.

நான் கத்திவிட்டேன். நிஜமாகவே கத்திவிட்டேன்.

படத்தில் கறுப்பாக இருந்த காசு, புதுத் தட்டு மாதிரி பளபளவென்று மின்னியது.

"யார் இதைத் தேய்த்தது?"

"நாந்தான். நேத்து சாயங்காலம், பல்பசையும் திருநீறும் போட்டு" என்றார் அவர் பெருமையோடு. "வெளிநாட்டுலருந்து வர்றீக, அழுக்குக் காசையா கையில குடுப்பாக? பக்கத்து வீட்டுலதான் திருநீறு வாங்குனேன்."

பழைய காசின் மேல் படிந்த கறுப்பைத் தேய்ப்பது எங்கள் கூட்டத்தில் கொலைக்குச் சமம். தேய்த்த காசின் மதிப்பு விழுந்துவிடும். நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்த நிறத்தை விருந்தாளிக்கு மரியாதை என்று ஒரே சாயங்காலத்தில் துடைத்துவிட்டார். நான் கோபக்காரி. வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். ஜொஹரா அம்மாவின் முகம் சுருங்கிப் போயிற்று. அப்புறம்தான் எனக்கே வெட்கமாக இருந்தது. அவரது காசு, அவரது மஹர், கத்துவதற்கு நான் யார்?

மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய்ப் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தேன். பல்பசையும் திருநீறும் ஒரு நன்மை செய்திருந்தன. எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

ஆண்டு 1878. கழுகுக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில், அடித்த ஊரைச் சொல்லும் இரண்டு ஆங்கில சி.

கார்சன் சிட்டி! நின்ற இடத்திலேயே தரையில் உட்காரப் போனேன். சாகுல் நாற்காலி கொண்டுவந்து போட்டான்.

இந்தக் காசின் கதையை அவனுக்குச் சொன்னபடியே இங்கேயும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மேற்கே, நெவாடா மலைகளில் வெள்ளி வண்டி வண்டியாகக் கிடைத்த காலம். அதைச் சீனாவில் தள்ள ஆசைப்பட்டார்கள். அங்கே மெக்சிகோ டாலருக்குத்தான் மவுசு. அதை வீழ்த்த, தங்கள் ஊர் டாலரைவிடக் கனமாக 1873இல் ஒன்றை அடித்தார்கள். பெயரே வர்த்தக டாலர். வாங்குகிறவன் சந்தேகப்படக்கூடாது என்று எடையையும் தரத்தையும் காசின் மேலேயே பொறித்தார்கள்: 420 கிரெயின், ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி. கிராமில் இருபத்தேழு புள்ளி இரண்டு.

முன்பக்கத்தில் சுதந்திரதேவி. மற்ற அமெரிக்கக் காசுகளில் பாறை மேல் உட்கார்ந்திருப்பவள், இதில் சரக்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் கோதுமைக் கதிர்க் கட்டு, முன்னால் கடல். கடலைப் பார்த்து ஒலிவக் கிளையை நீட்டுகிறாள். அந்தக் கடலுக்கு அப்பால்தான் ஆசியா, அதாவது நாம். சரக்கு வாங்கிக்கொள்ளுங்கள் என்று கூப்பிடுகிற ஒரு பெண்ணை இதற்கு முன் எந்த அரசாங்கமும் காசில் போட்டு நான் பார்த்ததில்லை. பின்பக்கத்தில் கழுகு, ஒரு காலில் மூன்று அம்பு, மறு காலில் ஒலிவக் கிளை.

ஃபிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, கார்சன் சிட்டி என்று மூன்று ஊரில் அடித்தார்கள். கார்சன் சிட்டி வெள்ளிச் சுரங்கத்துக்குப் பக்கத்துப் பட்டணம். வேடிக்கை என்னவென்றால், மூன்றே வருடத்தில், உள்ளூரில் இது சட்டப்படி செல்லாது என்று அமெரிக்காவே கைவிட்டுவிட்டது. பிறந்த வீட்டில் செல்லாத காசு கடல் தாண்டி மட்டும் செல்லுபடியாயிற்று. 1878உடன் புழக்கத்துக்கு அடிப்பதையும் நிறுத்தினார்கள். அந்த வருடம் கார்சன் சிட்டியில் அடித்ததில் நிறையக் காசுகளை வெளியே விடாமலே உருக்கிவிட்டார்கள். தப்பியது கொஞ்சம். அதில் ஒன்று கம்பத்தில், என் கையில்!

சுதந்திரதேவியின் முழங்காலுக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு சீன முத்திரை. வெள்ளியைச் சோதித்துப் பார்த்த வணிகர்கள் அடிக்கும் குத்து அது. சாகுலின் முன்னோர் ஒருவர் எங்கள் பினாங்கில்தான் தோல் வியாபாரம் செய்தாராம். இருபத்தாறு வருடமாக நான் சந்தை சந்தையாகத் தேடிய காசு, என் ஊரிலிருந்தே கிளம்பி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்க நாணயச்சாலையின் தலைமைச் செதுக்குநர் இடையில் அச்சை மாற்றியிருந்தார். முதலில் கிளையைப் பிடித்த கையில் மூன்று விரல்தான் தெரியும், பிந்தைய அச்சில் நாலு. கழுகின் நகத்துக்குக் கீழே இருந்த சின்னப் பழமும் பிந்தைய அச்சில் கிடையாது. போலி அடிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். எண்ணினேன், நாலு விரல். நகத்துக்குக் கீழே பழம் இல்லை. எல்லாம் சரி.

விளிம்பைத் திருப்பினேன். ஒரு காசின் விளிம்பில் சுற்றிலும் வரி வரியாக இருக்க வேண்டும். இதில் ஓரிடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு மேல், வரியே இல்லை. வழவழவென்று தட்டையாக இருந்தது. என் உற்சாகம் தரையில் விழுந்தது.

"எடை பார்க்கணும். இப்பவே" என்றேன்.

சாகுலின் சினேகிதர் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். கடைக்குள் நுழைந்ததும் அந்த மணத்தில் ஒரு நிமிடம் காசே மறந்துபோயிற்று. மேசையில் மாதிரி எடுத்து எடை போடும் எலெக்ட்ரானிக் தராசு, புள்ளிக்கு அப்புறம் ஓர் இலக்கம் காட்டும். காய்த்தூசியை ஊதிவிட்டுக் காசை வைத்தேன்.

25.8.

"கொறையுதுல்ல?" என்றான் சாகுல்.

குறைந்தது. ஆனால் பல் செய்கிறவளுக்கு உலோகத்தைச் சோதிக்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கச் சொன்னேன். ஏலக்காய் மூட்டை தைக்கும் நூலில் காசைக் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். காசு ஒதுக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். கடைக்காரர், எடுபிடி ஆட்கள், ஏலக்காய் விற்க வந்த இரண்டு மலையாளிகள், எல்லோரும் டம்ளரைச் சுற்றிக் குனிந்தோம்.

2.5.

"இருபத்தஞ்சு புள்ளி எட்டை இரண்டரையால் வகுங்கள்!" என்று கூவினேன். கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். பத்து புள்ளி மூன்று சொச்சம். பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி இருந்தால் வர வேண்டிய எண் அதுதான். ஈயமும் இல்லை, பித்தளையும் இல்லை. மலையாளிகளில் ஒருவர், "அடிபொளி!" என்று கை தட்டினார்.

சாகுல் குதித்தான். நான் குதிக்கவில்லை. வெள்ளி உண்மை, அச்சும் உண்மை. ஆனால் ஒன்றரை கிராம் போல எங்கே போயிற்று? யாரோ ஓரத்தைச் சுரண்டித் திருடியிருந்தால், அதைச் சபையில் எப்படிச் சொல்வது?

"அக்கா, இதுல வில்லங்கம்னா விடுங்க. தங்கத்தைக் குடுத்துட்டுப் போறோம். இதை நீங்களே எடுத்துக்கங்க" என்றான் அவன், மனசு விட்டுப் போய்.

என் நாக்கு அரித்தது. ஆமாம், வில்லங்கம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கார்சன் சிட்டி என் பையில். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது. "முதலில் உங்க அம்மாவிடம் கேட்போம்" என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் குமுளியிலிருந்து பை வந்து சேர்ந்தது. ஒரு கைக்குட்டைகூடக் குறையவில்லை. என் தராசும் அதே 25.8ஐத்தான் காட்டியது. சாகுல் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தான். ஜொஹரா அம்மா அடுப்படிக்கு என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு கருங்கல்லை எடுத்து முன்னால் வைத்தார். கல்லின் நடுவில் பள்ளம், பள்ளத்தில் வெள்ளைக் கோடுகள்.

"ஆம்பளையளுக்குத் தெரியாது" என்றார் மெதுவாக. "இந்த வீட்டுல பிள்ளை பிறந்தா ஏழாம் நாளு, தேனை விட்டு இந்தக் காசை ஒரு இழைப்பு இழைச்சு நாக்குல தடவுவோம். எம் மாமியா எனக்குக் காட்டிக் குடுத்தாக. அவுகளுக்கு அவுக மாமியா. இந்த வீட்டுல எத்தனை பிள்ளை பிறந்திருக்கும், கணக்கா வச்சிருக்கோம்? ஆஸ்பத்திரில தெரிஞ்சா நர்சம்மா கிழிச்சிருவாகன்னு யாருட்டயும் சொல்றதில்ல."

நான் காசின் தட்டை விளிம்பைக் கல்லின் பள்ளத்தில் வைத்தேன். பூட்டில் சாவி போல உட்கார்ந்தது. திருட்டும் இல்லை, போலியும் இல்லை. நாலைந்து தலைமுறைக் குழந்தைகள் கார்சன் சிட்டியை நக்கியே தேய்த்திருக்கிறார்கள்! நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீக. பொண்ணு நஸ்ரின் ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி டீச்சரு. இதைக் கேட்டா எங்களைக் காட்டுமிராண்டின்னு நெனைக்காதா? ஒரிஜினல்னு மட்டும் சொல்லுங்க. இதைச் சொல்லாதீக. எம் மேல ஆணை."

ஒப்புக்கொண்டேன். வேறென்ன செய்ய?

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த கையோடு உத்தமபாளையத்தில் நிக்காஹ். மண்டபத்துக்குப் பின்னாலிருந்து தால்ச்சா வாசனை. பினாங்கில் நாங்கள் அதே பெயரில் அதே பருப்புக் குழம்பைத்தான் சாப்பிடுகிறோம், ஆனால் இவ்வளவு புளிப்பும் எலும்பும் அங்கே கிடையாது. ஆண்கள் முன்கூடத்தில், பெண்கள் உள்ளறையில். நான் உள்ளறையில், ஜொஹரா அம்மாவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன்.

மணமகளிடம் சம்மதம் கேட்க அவள் தாய்மாமா இரண்டு சாட்சிகளோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். சத்தம் அடங்கியது.

"இந்தாத்தா நஸ்ரின். மஹரு, அமெரிக்க வெள்ளி டாலர் ஒண்ணுன்னு சொல்றாக. காசுமேல நானூத்தி இருவது கிரெயின்னு எழுதியிருக்கு. ஆனா தேனியில எடை கொறையுதுன்னாக. பதிவேட்டுல எந்த எடையை எழுத? ஒனக்குச் சங்கடம்னா சொல்லு, தங்கமா மாத்தி எழுதிருவோம். அது ஒன்னோட உரிமை."

எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பியது. எழுந்து நின்றேன். "காசு அசல். வெள்ளியும் சரி, அச்சும் சரி. அந்தக் காலத்தில் கார்சன் சிட்டியில் அடித்தது. இப்போது எடை இருபத்தஞ்சு புள்ளி எட்டு கிராம். விளிம்பு தேய்ந்திருக்கிறது."

நஸ்ரின் தலையை நிமிர்த்தினாள். வகுப்பில் கேள்வி கேட்கிற கண். "வெள்ளிக் காசு ஒரு பக்கம் மட்டும் எப்படித் தேயும்?"

ஆணை போட்டு வாயைக் கட்டியிருந்தார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மா பின்னால், "சொல்ல மாட்டேங்குறாகளே" என்று முணுமுணுத்தார். தாய்மாமா பேனாவை மூடினார்.

ஜொஹரா அம்மா எழுந்தார். "அவுகளைக் கேக்காத ஆத்தா. நான் சொல்றேன்" என்று தொடங்கி, கல், தேன், ஏழாம் நாள், மாமியார், அதற்கு முந்திய மாமியார் என்று ஒன்றுவிடாமல் சொன்னார். "ஏமாத்தணும்னு இல்ல ஆத்தா. வெளியில சொல்லக் கூச்சம்."

நஸ்ரின் ஜொஹரா அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"இனிமே எந்தப் பிள்ளைக்கும் இதை இழைக்கக்கூடாது. சரியா?"

"சரி ஆத்தா. ரியாஸோட நிறுத்தியாச்சு. அவந்தான் கடைசி."

"ரியாஸுக்கும் குடுத்தீகளா?"

"அவனுக்குத்தான் சாஸ்தி. நோஞ்சானாப் பிறந்தான். நாப்பது நாளும் குடுத்தேன்."

நஸ்ரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறிப்போனேன். கையை எடுத்தபோது முகம் முழுக்கச் சிரிப்பு.

"மாமா, இருவத்தஞ்சு புள்ளி எட்டுன்னே எழுதுங்க. எனக்குச் சம்மதம். கொறைஞ்ச வெள்ளி மாப்பிள்ளைக்குள்ளதான இருக்கு? அதுவும் எங்கிட்டதான வருது."